சீதனம் கொடுத்த சம்பந்தம்

2019 பெப்ரவரி 28. ஹனோயில் ட்ரம்புக்கும் கிம் ஜொங் உன்னுக்கும் மத்தியானச் சாப்பாட்டு மேசை தயார். சாப்பிடத்தான் ஆளில்லை. பேச்சு முறிந்து இருவரும் எழும்பிப் போய்விட்டார்கள். சில மாதங்களுக்கு முன்புதான், கிம்மின் கடிதங்கள் அத்தனை அழகு, காதலில் விழுந்துவிட்டோம் என்று ட்ரம்ப் மேடையில் உருகியிருந்தார்.

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைத் தேத்தண்ணிக் கடையில் இந்தச் செய்தியை வாசித்த பெரியவர் ஒருவர் சிரிக்கவில்லை.

"பந்திக்கு முந்தி முறிஞ்சது நல்லது தம்பி. எங்கட சம்பந்தம் சீதனமும் குடுத்தெல்லே முறிஞ்சது!"

அவர் சொன்னது 1989ஐ. இலங்கையில் இருந்த இந்தியப் படையை அனுப்பிவிட வேண்டும் என்ற ஒரே பொருத்தத்தில் ஜனாதிபதி பிரேமதாசாவும் புலிகளின் தலைவர் பிரபாகரனும் சம்பந்திகள் ஆனார்கள். கொழும்பில் உபசாரம், சீதனமாக ஆயுதம். 1990 மார்ச்சில் இந்தியப் படை கப்பலேறியது. பொருத்தமும் அதே கப்பலில் ஏறிவிட்டது. ஜூனில் போர். தரகரான அமைச்சர் ஏ.சி.எஸ். ஹமீது யாழ்ப்பாணத்துக்கு ஓடி வந்தும் சம்பந்தம் ஒட்டவில்லை. கொடுத்த சீதனம் மட்டும் திரும்பி வந்தது, சன்னம் சன்னமாக.

இரு வீட்டாரும் ஒரு வார்த்தை கேட்காத தெல்லிப்பழை மூட்டை கட்டியது. பிறகு அங்கே இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். தெல்லிப்பழை அடங்கிய வலிகாமம் வடக்கில் சில காணிகள் இன்னமும் சொந்தக்காரரிடம் திரும்பவில்லை.

பெரியவர் கடைசி மிடறைக் குடித்தார்.

"பெரியாக்களின்ர கலியாணம் குழம்பினால், பந்தல் போட்ட வளவுக்காரன்தான் ஊரை விட்டுப் போறது."