அதியமான்கோட்டை எல்லாம் இறங்கு!

(இந்த இதழ் கேள்விகளில் பெரும்பாலானவை நல்லம்பள்ளி வட்டாரத்திலிருந்து வந்தவை. ஊர் சுற்றுவது பற்றியே அத்தனை பேரும் கேட்டிருப்பதால் அரசியல், சினிமா கேள்விகளுக்கு ஒரு வாரம் விடுப்பு.)

கல்லூரி மாணவி, நல்லம்பள்ளி: பெல்ஜியத்தில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகள், டோங்கரன் என்ற சின்ன ஊருக்குப் போய்ப் படமாக அனுப்பித் தள்ளுகிறாள். பதிலுக்கு நான் எதை அனுப்புவது?

அவள் அனுப்பிய படங்களில் முறுக்கு மீசையோடு ஒரு சிலை இருக்கும், பாருங்கள். பெயர் அம்பியோரிக்ஸ். கி.மு. 54இல் சீசரின் ஒன்றரை லீஜியன் படையைப் பள்ளத்தாக்கில் மடக்கி அழித்த குறுநிலத் தலைவர். சீசர் எவ்வளவோ தேடியும் கடைசிவரை கையில் சிக்கவில்லை. பெல்ஜியம் தனி நாடானது 1830இல். புது நாட்டுக்குப் பழைய வீரர் ஒருவர் வேண்டாமா? 1866இல் சிலை வைத்துவிட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை. மீசை சிற்பி போட்டது.

நீங்கள் பக்கத்து அதியமான்கோட்டைக்குப் போய், அதியமான் கோட்டத்தில் அதியமானும் ஔவையும் நிற்பதைப் படமெடுத்து அனுப்புங்கள். முகம் இங்கேயும் சிற்பியின் உபயம்தான். "எங்க ஊர் அம்பியோரிக்ஸ்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். "உங்க ஊர் அதியமானைப் பார்த்தேன்க்கா, மீசை நல்லா இருக்கு" என்று எழுதுங்கள்.

ஆட்டோ ஓட்டுநர், அதியமான்கோட்டை: அதியமான் நிஜமாகவே இருந்தாரா, இல்லை நெல்லிக்கனிக் கதையோடு சரியா? சவாரி வருபவர்கள் கேட்கிறார்கள்.

தைரியமாகச் சொல்லுங்கள், இருந்தார். அசோகர் தம் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரர் என்றும் ஒருவரைச் சொல்லிவிட்டுப் போனார். அது யார் என்று அறிஞர்கள் பல காலம் மல்லுக்கட்டினார்கள். 1981இல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. சமண முனிவர்கள் தங்கும் குகையைக் கொடுத்தவர் சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி என்று அதில் பெயர் வெட்டியிருக்கிறது. வழக்கு முடிந்தது.

அம்பியோரிக்ஸைப் பற்றி நமக்குச் சொல்வது அவருடைய எதிரி சீசர் எழுதிய புத்தகம்தான். நம்மவருக்குத் தோழி ஔவை பாடிய பாட்டும் உண்டு, அவரைத் தோற்கடித்த சேரனைப் புகழும் பாட்டும் உண்டு, போதாததற்குக் கல்லும் உண்டு. சவாரிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகவே கேட்கலாம்.

சந்தேகப் பிராணி, நல்லம்பள்ளி: அதியமான்கோட்டையில் கோட்டை எங்கே சார்?

செஞ்சியை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். மிஞ்சியிருப்பது சிதைந்த எச்சங்கள்தான். ஆனால் கோட்டைக்குள் இருந்ததாகச் சொல்லப்படும் சென்றாயப் பெருமாள் கோயில் இருக்கிறது. போனோமா, தீர்த்தம் வாங்கினோமா, சடாரி வைத்துக்கொண்டோமா என்று திரும்பிவிடாதீர்கள். மகாமண்டபத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். விதானம் முழுக்க ராமாயணமும் பாரதமும் ஓவியமாக ஓடுகின்றன. விசுவரூப தரிசனமும் உண்டு. கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். அதன் பிறகுதான் கறை என்று நினைத்தது ஒரு கையாகவும், கோடு என்று நினைத்தது ஒரு வில்லாகவும் தெளியும். கழுத்து வலித்தால் ஒழுங்காகப் பார்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

தினசரிப் பஸ் பயணி, நல்லம்பள்ளி: தேய்பிறை அஷ்டமியன்று பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. இவர்களெல்லாம் சுற்றுலாப் பயணிகளா, பக்தர்களா?

மனுதாரர்கள். கடன், வழக்கு, கல்யாணத் தடை என்று ஆளுக்கொரு மனுவோடு அதியமான்கோட்டை தட்சிணகாசி காலபைரவரிடம் வருகிறார்கள். சாம்பல் பூசணியைப் பாதியாக வெட்டி, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுகிறார்கள். வரிசையாக எரியும் பூசணி விளக்குகளே ஒரு காட்சிதான். நம்பாதவரும் நின்று பார்க்கலாம்.

எனக்கு ஒரே வருத்தம். அதே ஊரில் பெருமாள் கோயில் விதானத்தை அண்ணாந்து பார்க்க இப்படி ஒரு கூட்டம் வருவதில்லை. "வளர்பிறைத் துவாதசியில் விதான ஓவியம் பார்த்தால் வாங்கிய கடன் அடையும்" என்று எந்த ஜோசியராவது ஒரு வார்த்தை சொல்லட்டும், தொப்பூர் வரைக்கும் வரிசை நிற்கும்.

உள்ளூர் வியாபாரி, நல்லம்பள்ளி: சின்ன ஊர்களைப் பார்க்க ஐரோப்பாவில் காசு கொட்டுகிறார்களாம். எங்கள் ஊருக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

பெல்ஜியத்தில் டர்பூய் என்று ஓர் ஊர். 1331இல் நகர உரிமை வாங்கியது. பழைய ஊருக்குள் குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். "உலகிலேயே மிகச் சின்ன நகரம்" என்று தாங்களே பட்டம் கட்டிக்கொண்டு, அதையே வியாபாரமாக்கிவிட்டார்கள். நாம் என்ன செய்வோம்? ஊராட்சியைப் பேரூராட்சியாக்கு, பேரூராட்சியை நகராட்சியாக்கு என்று மனுக் கொடுப்போம். சின்ன ஊர் என்று சொல்லிக்கொள்ள நமக்குக் கூச்சம். சின்னதாக இருப்பதும் ஒரு சரக்கு என்பது வியாபாரியான உங்களுக்குத் தெரியாததா? உங்கள் வாரச்சந்தையில் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை படிகிற காட்சிக்கு டிக்கெட் போட்டால் டர்பூய்க்காரரே வருவார்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா, தொப்பூர்: லீவு விட்டாச்சு. பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது? ஒகேனக்கல் அலுத்துவிட்டது.

தர்மபுரிக் கோட்டைக் கோயில்களுக்கு. காமாட்சி அம்மன் கோயில் அடித்தளத்தில் ராமாயணத்தைச் சின்னச் சின்னச் சிற்பமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் குனிய வேண்டும். பிள்ளைகளுக்குக் கண் மட்டத்தில் கதை. பக்கத்து மல்லிகார்ஜுனர் கோயில் தொங்கும் தூணுக்கு அடியில் ஒரு காகிதத்தை விட்டு இந்தப் பக்கம் இழுக்கச் சொல்லுங்கள், அரைமணி நேரம் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

அப்படியே அருங்காட்சியகத்தில் நடுகற்களைக் காட்டுங்கள். இந்த வட்டாரத்து நடுகற்கள் பல, நாடு பிடித்தவர்களுக்கு நட்டவை அல்ல. மாட்டை மீட்கப் போய் மாண்டவர்களுக்கு நட்டவை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் வீரனோடு அவன் வளர்த்த நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்து, கோவிவன் என்று பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். இதை மட்டும் சொல்லிப் பாருங்கள், வீட்டு நாய்க்குப் பெயர் மாறிவிடும்.

ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர், நல்லம்பள்ளி: நம் பக்கத்தை ரசித்துப் பார்த்த வெளிநாட்டுக்காரர் யாராவது உண்டா?

உங்கள் துறைக்காரர்தான் ஐயா. தாமஸ் மன்றோ. 1792இல் பாரமகால் எனப்பட்ட நம் பகுதி திப்புவிடமிருந்து ஆங்கிலேயரிடம் கைமாறியதும், கேப்டன் ரீடின் உதவியாளராக வந்து தர்மபுரியில் தங்கினார். தோட்டம் போட்டார். 1799இல் கனராவுக்கு மாற்றலான பிறகும் பாரமகாலை நினைத்து ஏங்கிக் கடிதம் எழுதினார். ஊர் ஊராக நடந்து, நிலத்தை அளந்து, குடியானவரிடம் நேராகத் தீர்வை பேசிய அந்த அனுபவத்திலிருந்துதான் ரயத்வாரி முறை வளர்ந்தது. நம் ஊரைக் காடு மேடெல்லாம் சுற்றிப் பார்த்த வெளியூர்க்காரர் வரி போட வந்தவர். வேடிக்கை பார்க்க வந்தவருக்கு அவ்வளவு பொறுமை ஏது?

புத்தகப் புழு, பாப்பாரப்பட்டி: எங்கள் பகுதிக்குப் பழைய பயண நூல் உண்டா?

தர்மபுரியின் பழைய பெயரில் 'தகடூர் யாத்திரை' என்று ஒன்று இருந்தது. யாத்திரை வந்தது சேரன் படை. பார்க்க அல்ல, இடிக்க. அந்த நூலும் முழுதாகக் கிடைக்கவில்லை, சில பாடல்களே மிச்சம். உங்கள் ஊரிலேயே 1925இல் மறைந்த சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறதே, அதற்குப் போக நூல் எதற்கு? செருப்பு போதும்.

காரில் பறப்பவர், சேலம்: பெங்களூரு போகும் வழியில் தொப்பூர் கணவாயில் நின்று செல்ஃபி எடுக்கலாமா?

கூடாது. விபத்துக்குப் பேர்போன இடம் அது. பிரேக் பிடிக்காத லாரிக்கு உங்கள் நல்ல பக்கம் எது என்று தெரியாது. கணவாயைத் தாண்டி வந்து அதியமான்கோட்டையில் வண்டியைத் திருப்புங்கள். சுங்கச்சாவடியில் காத்திருக்க மனம் இருக்கிற உங்களுக்கு, ஒரு சங்ககால மன்னனுக்கு அரைமணி நேரம் ஒதுக்க முடியாதா?

சாப்பாட்டு ராமன், நல்லம்பள்ளி: பெல்ஜியத்தில் வாஃபிள். இங்கே?

கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல். வாஃபிளைக் கடிக்க வேண்டும். களியை விழுங்கினால் போதும், சுற்றிப் பார்க்க நேரம் மிச்சம்.

பெயர் வேண்டாம், நல்லம்பள்ளி: பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். நீங்கள் சொன்ன ஒன்றையும் பார்த்ததில்லை. மனைவி தினமும் குத்திக்காட்டுகிறாள். என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு அரசு டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். அவருக்கு 2021லிருந்து கட்டணமே கிடையாது. வரலாறும் உங்களுக்கு ஒரு டிக்கெட் விலைதான். இதைவிட மலிவாக எந்த ஊரிலும் சமாதானம் கிடைக்காது.