போன தடவை

மலையேற்றச் சங்கம் என்று ஒன்றை எந்தப் பேட்டையில் ஆரம்பித்தாலும், தலைவரும் காரியதரிசியும் பொக்கிஷதாரும் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முன்பாகவே, ஓட்டும் இல்லாமல் போட்டியும் இல்லாமல் தாமாகவே பதவி ஏற்றுக்கொண்டுவிடுகிற பெரியவர் ஒருவர் உண்டு. எங்கள் சங்கத்தில் அந்த ஸ்தானத்தை அலங்கரிப்பவருக்குப் பெற்றோர் வைத்த நாமதேயம் ஏதோ இருக்கிறது. ஆயினும் அவர் வாயைத் திறந்தால் முன்னால் வந்து நிற்கிற இரண்டு வார்த்தைகளைக் கொண்டு 'போன தடவை' என்றே அவரைக் குறிப்பிடுவது எங்கள் வழக்கம்.

செஞ்சிக்குப் போயிருந்தோம். திண்டிவனத்தைத் தாண்டித் திருவண்ணாமலைச் சாலையில் வண்டி போகையில், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும், அவற்றை வளைத்துப் பிணைத்திருக்கும் மதிலும் கண்ணில் பட்டதும், புதிதாகச் சேர்ந்த வாலிபர் ஒருவர் ஆசனத்தைவிட்டே எழுந்துவிட்டார். பெரியவர் அவரைக் கருணையோடு நோக்கினார்.

"போன தடவை பர்வதமலைக்கு வந்தீர்களா, தம்பி?"

"இல்லை, ஸார்."

"அதுதானே பார்த்தேன்! பரவாயில்லை, இதையாவது பாருங்கள்."

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. வெள்ளியங்கிரியில் வாங்கி, அதன்பின் எல்லா மலைகளுக்கும் தவறாமல் கொண்டுவருகிற மூங்கில் தடியால், வைத்தியர் நோயாளியின் முதுகைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு படியையும் தட்டிப் பார்த்து, பர்வதமலையின் நாலாயிரத்துச் சொச்சம் அடியையும், அங்கே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டிய கடப்பாறைப் படியையும் வர்ணித்தபடியே அவர் ஏறினார். சிவாஜி 1677-இல் இந்தக் கோட்டையைக் கைப்பற்றிய விருத்தாந்தத்தைக் காரியதரிசி ஒரு பாறைமேல் நின்று பிரஸ்தாபித்தபோது, "பாவம், அவருக்குப் பர்வதமலையைக் காட்ட ஆள் இல்லை" என்றார். உச்சிக்குச் சற்று முன்பாக, பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும் கிடுகிடு பள்ளத்தின்மேல் ஒரு சிறு பாலம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட சேனையும் இந்தப் பக்கத்திலேயே நிற்கவேண்டியதுதான் என்று நாங்கள் வியந்துகொண்டிருக்கையில், கடப்பாறைப் படிக்குப் பாலமே கிடையாது என்று நினைவூட்டினார். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோதும் போன தடவை நல்லெண்ணெய் வேறு ரகம் என்றார்; சொல்லிவிட்டு இரண்டாவது பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டார் என்பதை நியாயத்தை முன்னிட்டுச் சொல்லவேண்டும்.

இதைக் கொண்டு அவர் பர்வதமலையின் பரம பக்தர் என்று யாரும் தீர்மானித்துவிடக் கூடாது. பர்வதமலைக்கு அவரோடு போனவர்கள் சாட்சி சொல்கிறார்கள்: அங்கே வழிநெடுக வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளும், ஏழாவது மலையின் குளிரும்தான் பேச்சாம். வெள்ளியங்கிரியிலோ, கொல்லிமலைச் சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும், ஆகாய கங்கையையும் சொல்லி மாளவில்லையாம். கொல்லிமலையில் அவர் எதைப் புகழ்ந்தார் என்று கேட்டால் பதில் சொல்ல அந்தக் காலத்து அங்கத்தினர் ஒருவரும் இப்போது சங்கத்தில் இல்லை.

செஞ்சிக்கு அடுத்தபடியாக ஜவ்வாது மலைக்குப் போனோம். ஜமுனாமரத்தூர் போய்ச் சேருவதற்குள், செஞ்சிக் கல்யாண மஹாலின் அடுக்கடுக்கான வளைவுகளில் காலை வெயில் ஏறிவந்த விதத்தையும், நெற்களஞ்சியத்துக்குள் குரல் கொடுத்தால் அது திரும்பிவந்த விதத்தையும், அந்தச் சிறு பாலத்தின்மேல் நிற்கும்போது வேஷ்டியைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்த காற்றையும் அவர் சொல்லச் சொல்ல, புதிய அங்கத்தினர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். கூடவே இருந்த நாங்களும் அப்போதுதான் அவற்றையெல்லாம் கண்ணாரக் கண்டோம். ஆகவே, செஞ்சிக் கோட்டையின் மகிமையைப் பரிபூரணமாக அறிய விரும்பும் வாசகர்களுக்கு அடியேன் சொல்லக்கூடிய யோசனை ஒன்றே: எங்கள் பெரியவரோடு வேறு எந்த மலைக்காவது போய் வாருங்கள்.