எழுபது வளைவும் ஒரு திமிங்கிலமும்

கேள்வி: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுக்காத என் 4 வயது மகனை, இலங்கையில் திமிங்கிலம் பார்க்கப் படகில் அழைத்துப் போகலாமா?

பதில்: வளைவு 70-உடன் முடிந்துவிடும்; அலைக்குக் கணக்கே கிடையாது. ‘மலையில் தாங்கியவன் கடலில் தாங்கமாட்டானா?’ என்பீர்கள். மலையில் வண்டியை ஓரங்கட்டலாம், நடுக்கடலில் எதை ஓரங்கட்டுவது? தவிர, நீலத்திமிங்கிலம் 30 மீட்டர் வரை வளர்ந்தாலும், முங்கினால் பத்து நிமிடம்வரைகூடத் தலைகாட்டாது. காட்டுவதும் பெரும்பாலும் முதுகும் மூச்சுப்பீய்ச்சலும்தான். அதற்குள் பையன் பிஸ்கட் பொட்டலத்தைக் காலி செய்துவிட்டு ‘வீட்டுக்குப் போலாம்’ என்பான். திமிங்கிலம் காட்ட மிரிசாவிலிருந்து கிளம்பும் படகை விடுங்கள். திருகோணமலையில் கரைக்கு அருகிலேயே கடல் கிடுகிடு ஆழம். அதனால் திமிங்கிலங்கள் நெருங்கி வரும். பருவத்தில் கோணேசர் கோயில் பாறை உச்சியிலிருந்தே சில நாள் தென்படும். ‘வராவிட்டால்?’ படகுக்காரர் மட்டும் பத்திரம் எழுதியா கொடுக்கிறார்? இங்கே கோணேசராவது நிச்சயம் இருப்பார்.