பாதாளக் குமாஸ்தா

இங்கிலாந்தின் டார்பிஷயரிலும் வடக்கு பென்னைன் மலைகளிலும் சனிக்கிழமை காலைகளில் ஓர் இனத்தாரைக் காணலாம். வாரம் ஐந்து நாளும் கணக்கெழுதியும் பாடம் நடத்தியும் கோப்பு புரட்டியும் காலந்தள்ளியவர்கள், அன்று மட்டும் ஹெல்மெட்டும் கம்பூட்ஸுமாக, எப்போதோ கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்தின் வாயில் நண்பர்களோடு கூடுவார்கள். வழியே போகிறவர்கள் இவர்களைப் பார்த்து, உயிருக்குத் துணிந்த கூட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த நினைப்பை இவர்களும் கலைப்பதில்லை. ஆனால் சற்று உற்றுப் பார்த்தால் சங்கதி வேறு. பழைய ஈயச் சுரங்கத்துக்குள் இறங்குபவர் வீரரே அல்லர், முழுமுதல் குமாஸ்தா. அலுவலகத்தில் நிலைநாட்ட முடியாத ஒழுங்கைப் பூமிக்கடியில் நிலைநாட்டப் போகிறவர்.

ஆதாரம் வேண்டுமா? இறங்குமுன் குழுத்தலைவர் செய்யும் முதற்காரியம் வீரமுழக்கம் அல்ல, எழுத்துவேலை. எந்தச் சுரங்கம், எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்புவார்கள் என்று எழுதி, மேலே இருக்கும் ஒருவரிடம் ஒப்படைக்கிறார். நேரம் தாண்டினால் அந்த ஒருவர் 999-ஐ அழைத்து, போலீஸ் மூலமாகக் குகை மீட்புக் குழுவைக் கேட்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தபடி மேலே உட்கார்ந்திருக்கும் அவருக்குத்தான் உண்மையில் துணிச்சல் தேவை. அடுத்தது விளக்குத் தணிக்கை. ஆளுக்கு மூன்று: ஒன்று எரிவதற்கு, ஒன்று அது அணைந்தால், இன்னொன்று இரண்டும் அணைந்தால். உள்ளே நுழைந்துவிட்டாலோ தலைவர் வாயிலிருந்து வருவதெல்லாம் தடையுத்தரவுதான். அதில் நியாயமும் உண்டு. அக்காலத் தொழிலாளர்கள் தாதை வெட்டியெடுத்தபின், வேண்டாத கற்களை வெளியே சுமந்து வருவதற்குப் பதில், தலைக்கு மேலே கட்டைகளைக் குறுக்கே செருகி அவற்றின்மேல் அடுக்கிவிட்டுப் போனார்கள். கல் அப்படியே இருக்கிறது, கட்டைதான் உளுத்துவிட்டது. காலடியிலும் இதே கதை: தரையென்று நம்பி மிதிப்பது ஆழ்குழியை மூடிய பழம்பலகையாக இருக்கலாம். காற்றோட்டமில்லாத மூலைகளில் பிராணவாயு குறைந்திருக்கும். ஆகவே ‘தொடாதே, சாயாதே, மிதிக்காதே, தனியே போகாதே’ என்று ஓதிக்கொண்டு, முதுகு வளைந்து, முழங்கால் தண்ணீரில் ஊர்ந்து போகும் ஒருவரைச் சாகசக்காரர் என்றால், நிஜச் சாகசக்காரர்கள் மானநஷ்ட வழக்குப் போடுவார்கள்.

‘இவ்வளவு பயந்தவர் வீட்டிலேயே இருந்து தொலைக்கலாமே?’ என்று கேட்பீர்கள். இருக்க முடியாது. அவருக்குச் சுரங்கம் என்பது மூடப்படாத கோப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிநாட்டு ஈயம் மலிவாக வந்து குவிய, விலை சரிந்து, சுரங்கங்கள் வரிசையாகப் படுத்தன. போட்டது போட்டபடி ஆட்கள் போய்விட்டார்கள். உடைந்த களிமண் புகைக்குழாய் எந்த ஆண்டினது, பாறையிலிருப்பது பிக்காசின் தழும்பா வெடிமருந்துக்குத் துளைத்த ஓட்டையா என்று குளிரில் நடுங்கியபடி அரைமணி நேரம் வாதாடுவதுதான் இவர்களுடைய உல்லாசம். 1901-இல் வடக்கு பென்னைனின் நென்ட்ஹெட் ஊருக்கருகே ஸ்மால்க்ளூ சுரங்கத்தின் உள்ளறை ஒன்றில் ஆல்ஸ்டன் ஊர் ஃப்ரீமேசன் சபையார் விருந்துண்டார்கள் என்பதை அவர் சொல்லாமல் விடமாட்டார். டார்பிஷயரின் மேக்பை சுரங்கத்துக்குப் போனால் 1833-ஐத் தவிர்க்க முடியாது. அடுத்தடுத்த இரு சுரங்கத்தாரின் தோண்டல்கள் உள்ளே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள, ஒரு தரப்பை மற்றத் தரப்பு புகைபோட்டு விரட்டப் பார்த்தது. மூவர் மூச்சுத்திணறி மாண்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மறு ஆண்டு விடுதலையானார்கள். இதை அவர் சொல்லும் தோரணையைக் கேட்டால், மேல்முறையீட்டுக்கு இன்னும் அவகாசம் இருப்பதாகத் தோன்றும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு. மெழுகுவர்த்திக்கும் வெடிமருந்துக்கும் தன் கூலியிலிருந்தே கொடுத்து, புழுதியை விழுங்கி, நுரையீரல் கெட்டுச் செத்தவர்களின் வேலைத்தலத்தை, சனிக்கிழமைப் பொழுதுபோக்காக்குவது தகுமா? தகாது, போகிறவர் வீரராக இருந்தால். வீரருக்குத் தன்னுடைய தீரம் மட்டுமே நினைவிருக்கும். திரும்பி வந்து தன் படத்தைத்தான் காட்டுவார். குமாஸ்தா அப்படியல்ல. சேற்றில் உறைந்த செருப்புத் தடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார், அளக்கிறார், வரைகிறார், குறித்துவைக்கிறார். பீக் மாவட்டச் சுரங்க வரலாற்றுக் கழகம் 1959-இல் இப்படிப்பட்ட ஆர்வலர்களால்தான் தொடங்கப்பட்டது. மேக்பை சுரங்கத்தின் கட்டடங்கள் இன்றும் நிற்பதில் அவர்கள் உழைப்புக்குப் பங்குண்டு. பெயர் தெரியாத தொழிலாளிக்கு இந்தப் பதிவேட்டைத் தவிர வேறு நினைவுச்சின்னம் அரிது. மாட்டிக்கொண்டால் ஊராருக்குத் தொல்லைதானே என்பதும் பாதிதான் சரி: மீட்க வருகிறவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள், அவர்களில் பெரும்பாலோர் இதே பித்துப் பிடித்தவர்கள்.

ஆகவே யாராவது ‘வாருங்கள், ஒரு சாகசம்’ என்று பழைய சுரங்கத்துக்கு அழைத்தால் கும்பிட்டு விலகுங்கள். எத்தனை பேட்டரி கொண்டுவந்தீர்கள், வீட்டில் யாரிடம் நேரம் சொல்லி வந்தீர்கள் என்று நச்சரிப்பவர் அழைத்தால், நம்பிப் போகலாம்.