சாந்தகப்பை

1978இல் தெல்லிப்பழையில் எங்கள் வீடு கட்டி எழும்பும்போது எனக்கு ஒன்பது வயது. சீமெந்து பக்கத்துக் காங்கேசன்துறை ஆலையில் இருந்து வந்தது. கல்லையும் கலவையையும் இரண்டு பெண்கள் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்தார்கள். மேசன் அண்ணை இறங்கிச் சாப்பிடப் போன நேரம் அவருடைய சாந்தகப்பையை நான் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

"பிள்ளை, அதை வை. பொம்பிளைப்பிள்ளைக்கு அகப்பை காணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஊர் நியாயத்தைச் சொன்னார்.

சுவர் எழும்ப எழும்ப அதை நனைக்க வேண்டும். ஈரம் காயவிட்டால் சீமெந்து முழுப் பலம் பிடிக்காது, வெடிப்பு விழும். காலையும் மாலையும் கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றியது அம்மாவும் மாமியும். அப்பாவின் கணக்குக் கொப்பியைப் பின்னாளில் புரட்டிப் பார்த்தேன். மேசனுக்கும் கையாளுக்கும் பெயர் போட்டுக் கூலி எழுதியிருந்தார். கல் சுமந்தவர்கள் "பெண்கள் 2" மட்டும்தான். ஆண் கையாளுக்குக் கொடுத்ததில் பாதிதான் ஒருவருக்கு. அம்மா இறைத்த தண்ணீருக்கு அந்தக் கொப்பியில் ஒரு வரிகூட இல்லை.

1990இல் எங்கள் ஊர் அடங்கிய வலிகாமம் வடக்குப் பகுதி போரால் இடம்பெயர்ந்தது. ஆலையும் நின்றது. இருபது வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம்.

2012 ஒக்டோபரில், போரில் வீடிழந்தவர்களுக்கான இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் தொடங்கியது. வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, வேலை ஏற ஏறக் கட்டங்கட்டமாக வங்கிக் கணக்குக்கு வரும். கட்டுவிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் ஒரே காலத்தில் எழும்பின. மேசன் கிடைப்பது அரிதாயிற்று, கூலி ஏறியது. போரில் கணவனை இழந்த பெண்கள் பலருக்கு ஐந்தரை இலட்சம் கூரைவரை எட்டவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தங்கச்சி இருந்தாள். இரண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை. கையாளுக்குக் கொடுக்கக் காசில்லாமல் தானே கலவை குழைத்தாள், தானே கல் எடுத்துக் கொடுத்தாள். ஒருநாள் மேசன் வரவில்லை. நூலைக் கட்டி, அவர் விட்ட வரியில் இருந்து தானே கல் வைக்கத் தொடங்கினாள். நான் போனபோது தூக்குக்குண்டை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். குண்டு ஆடி ஆடி நிற்கும்வரைக்கும் மூச்சு விடவில்லை. "ஒரு நூல் வெளியால போட்டுது அக்கா" என்று சொல்லி, ஈரம் காய முன்னம் அந்தக் கல்லைக் கழற்றித் திரும்ப வைத்தாள்.

இப்போது மேசன் வேலைதான் அவளுக்குச் சீவியம். ஒரே பெறுமதியான வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1993இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் நாட்கூலிக்கு நியமனக் கடிதமா இருக்கிறது, காட்டிக் கேட்க? அவள் பூசிய சுவரைத் தடவிப் பார்த்து "நல்ல வேலை" என்ற ஒப்பந்தகாரர் ஒருவர், பின்னேரம் ஆம்பிளை மேசனிலும் குறைத்துத்தான் எண்ணிக் கொடுத்தார். பல வேலைத்தளங்களில் பெண்ணுக்கு ஒதுங்க ஒரு மலசலகூடம் இல்லை. காலையில் இருந்து தண்ணி குடிக்காமல் வெயிலில் நிற்கிறாள்.

இதெல்லாம் நாங்கள் மாற்றக்கூடிய விஷயம். கூலியை வேலைக்குப் பேசுவோம். தளத்தில் முதல் நாளே மறைப்பும் தண்ணீரும் வைப்போம். அனுபவத்தால் பழகியவர்களையும் சோதித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதற்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போவோம்.

போன வருடம் என் குசினிச் சுவரை அவள்தான் கட்டினாள். சுவர் நனைத்தது என் மகன். பின்னேரம் புதுக் கொப்பி ஒன்றை எடுத்து முதல் வரியில் அவள் பெயரை எழுதி, பக்கத்தில் "மேசன்" என்று போட்டேன். கூலி, ஊரில் மேசனுக்குக் கொடுக்கிற முழுக் கூலி.