வாக்குக் கேட்காமல் சோறு போட்டவர்

கேள்வி: சிரிப்பு நடிகர் அரசியலுக்கு வந்தால் நாட்டுக்கு என்ன லாபம்?

பதில்: வராமலே லாபம் தந்தவர் பிரான்ஸின் கொலூஷ். 1980-இல் அதிபர் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார். கருத்துக்கணிப்பில் ஆதரவு 16 சதவீதம் வரை ஏறியதும், அதுவரை ரசித்துச் சிரித்த தலைவர்களுக்கு வியர்த்துவிட்டது! 1981-இல் விலகிக்கொண்டார். 'ச்சாவ் பாந்தேன்' படத்தில் சோக வேடம் ஏற்று, 1984-இல் சிறந்த நடிகருக்கான சீசர் விருதும் வாங்கினார்.

எனக்கு அதைவிடப் பெரிது, 1985-இல் வானொலியில் அவர் விடுத்த அழைப்பு: பசித்தவர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுவோம், வாருங்கள். முதல் குளிர்காலத்திலேயே சுமார் 85 லட்சம் சாப்பாடு! அடுத்த ஜூனில், 41 வயதில், மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். அவர் தொடங்கிய 'இதய உணவகங்கள்' பிரான்ஸ் முழுக்க இன்றும் நடக்கின்றன.