ஒற்றைப் புருவம்

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் என் மனைவி என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவைதான் பதறியிருக்கிறாள். போன ஆவணியில், ஒரு காலை வேளை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று இடது புருவத்தை மட்டும் தனியாக மேலே ஏற்ற முயன்றுகொண்டிருந்தேன். வலது புருவம் துணைக்குக் கிளம்பிவிடாமல் அதை விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். தாழ்ப்பாள் சரியில்லை என்று அவள் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சரிசெய்ய வேண்டியவன் நான். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள், "ஐயோ, என்னங்க, முகம் ஒரு பக்கமா இழுக்குதே! நாக்கை நீட்டுங்க!" என்றாள். நீட்டினேன். இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். மகள் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிட்ட பிறகு, வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். எனக்கு வந்திருப்பது பக்கவாதம் இல்லை, ஜார்ஜெட் ஹேயர்.

ஆங்கில எழுத்தாளரான அந்த அம்மாளின் நாவல்களில் கதாநாயகன் பெரும்பாலும் ஒரு பிரபு. நல்ல உயரம், முப்பதை ஒட்டிய வயது, தொடையோடு ஒட்டிய கால்சட்டை. கோபம் வந்தால் கத்தமாட்டான். ஒரு புருவத்தை மட்டும் உயர்த்துவான். எதிரில் நிற்பவன் அங்கேயே சுருண்டுவிடுவான். எனக்குக் கோபம் வந்தால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். எதிரில் நிற்பவன், அதாவது தண்ணீர் கேன் போடும் பையன், காதில் ஒயரைச் செருகிக்கொண்டு மாடிப்படி இறங்கிவிடுவான். பலன் தராத முறையை எத்தனை வருஷம்தான் கட்டிக்கொண்டு அழுவது?

புத்தகங்கள் என்னுடையவை அல்ல. ராயப்பேட்டைப் பக்கம் ஒரு வாடகை நூலகத்திலிருந்து சனிக்கிழமை தோறும் மனைவி எடுத்து வருபவை. அட்டையில் ரிப்பன் தொப்பி போட்ட பெண் யாரையோ திரும்பிப் பார்ப்பாள். "பணக்காரக் குட்டிகள் தொப்பி வாங்கி, டான்ஸ் ஆடி, பிரபுவைப் பிடிக்கிற கதை" என்று கேலி செய்துவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் போயிற்று, போனில் சார்ஜும் இல்லை. கைக்கு எட்டியது 'தி கிராண்ட் சோஃபி' ஒன்றுதான். 1950இல் வந்த நாவல். கரண்ட் இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. நான்தான் திரும்பி வரவில்லை.

சோஃபிக்கு இருபது வயது. அப்பா ராஜதந்திரி, பிரேசிலுக்குப் போகுமுன், லண்டனில் பெர்க்லி சதுக்கத்தில் இருக்கும் தன் சகோதரி வீட்டில் மகளை விட்டுவிட்டுப் போகிறார். சாதுப் பெண் என்று நம்பி அத்தை காத்திருக்க, அவளோ ஒரு குதிரை, ஒரு நாய், ஒரு கிளி, ஒரு குரங்கு சகிதம் வந்து இறங்குகிறாள். அந்த வீட்டில் அத்தைப் பிள்ளை சார்லஸ் வைத்ததுதான் சட்டம். அவனுடைய அப்பாக்காரர் சூதாடிக் கடனாளியாகிவிட, பெரிய பாட்டனார் வழிச் சொத்து வந்த சார்லஸ் கடன்களை அடைத்துக் குடும்பத்தையே கையில் வைத்திருக்கிறான். நான் படித்தது காதல் கதை இல்லை, கூட்டுக்குடும்ப வரவுசெலவு. எங்கள் தாத்தா காலத்துப் பாகப் பிரிவினைப் பத்திரத்துக்கு முத்தம் சேர்த்து எழுதிய மாதிரி இருந்தது.

இந்தக் கதைகள் நடக்கும் காலத்தையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி பேதலித்து, மகன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றது 1811இல். மன்னர் இறந்தது 1820இல். இடையில் இருக்கும் ஒன்பது வருஷத்தைத்தான் ரீஜென்சி என்கிறார்கள். ஹேயர் பிறந்ததே 1902இல்; ஆனாலும் அந்த ஒன்பது வருஷத்தைப் பட்டா போட்டு வாங்கியதுபோல் வைத்துக்கொண்டார். வண்டி வகை, துணி விலை, கொச்சைப் பேச்சு என்று எல்லாவற்றுக்கும் குறிப்பு நோட்டு. இன்ன பிரபுவுக்கு ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் பவுண்டு வருமானம் என்பது அறைக்குள் அவன் நுழையுமுன்பே பெண்களுக்குத் தெரிந்திருக்கும். வெட்கமில்லாத ஜனங்கள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே மகளுக்கு வந்த வரன் பற்றித் தரகர் போன் செய்தார். என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "பையனுக்கு என்ன பேக்கேஜ்?"

அந்தக் காலத்து லண்டனில் பெண்ணைக் கரையேற்றக் கிங் தெருவில் ஆல்மாக்ஸ் என்று ஒரு மண்டபம் இருந்தது. திறந்தது 1765இல். சீசனில் புதன்கிழமை தோறும் நடனம். பணம் மட்டும் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். லேடி ஜெர்ஸி, லேடி காஸ்ல்ரே போன்ற ஏழெட்டு மாமிகள் உட்கார்ந்து, யாருக்குச் சீட்டு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்வார்கள். சீட்டு கிடைக்காத குடும்பம் ஊரில் தலைகாட்ட முடியாது. இத்தனை பாடுபட்டு உள்ளே போனால் சாப்பிடக் கிடைப்பது மெலிதாக நறுக்கிய ரொட்டி, வெண்ணெய், உப்புச்சப்பில்லாத எலுமிச்சைச் சாறு. இதை வாசித்தபோது எனக்கு நம் டிசம்பர் சீசனின்மேல் பெரும் மரியாதை பிறந்தது. கச்சேரிக்கு டிக்கெட் இல்லாவிட்டாலும் கான்டீனுக்குள் யாரும் நம்மைத் தடுத்ததில்லை. எத்தனையோ வருஷம் நான் அங்கே கீரை வடையோடு திரும்பி, ராகத்தைப் பற்றி வீட்டில் விரிவாகப் பேசியிருக்கிறேன்.

ஆல்மாக்ஸில் உடைக் கெடுபிடி வேறு. முழங்கால் வரை வரும் பழைய கால்சட்டை போட்ட ஆண்களுக்கே அனுமதி. வெலிங்டன் பிரபுவையே வாசலில் திருப்பி அனுப்பினார்கள் என்று ஒரு கதை உண்டு. நீளக் கால்சட்டை போட்டு வந்தார் என்பார் சிலர். மணி பதினொன்றைத் தாண்டி வந்தார் என்பார் சிலர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவோடு சண்டைக்குப் போன மனிதர். நம் சென்னைக் கோட்டைக்குள் அவர் குடும்பப் பெயரில் இன்னும் ஒரு பழைய வீடு இருக்கிறது. அப்பேர்ப்பட்டவரைக் கால்சட்டை வீழ்த்திவிட்டது. நாம் சிரிப்பதற்கில்லை. 2014இல் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த நீதிபதியை உள்ளே விடவில்லை. அதே வருஷம் சட்டமன்றம் கூடி, வேட்டியைத் தடுக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. வெலிங்டனுக்கு அப்படி ஒரு சட்டமன்றம் வாய்க்கவில்லை.

உடை என்றதும் போ பிரம்மல் ஞாபகம் வரும். ஹேயர் 1935இல் எழுதிய 'ரீஜென்சி பக்' நாவலில் இவரும் ஒரு பாத்திரமாக வருகிறார். பட்டமில்லை, பெரிய நிலமில்லை. கழுத்துத் துணியைக் கட்டும் அழகால் மட்டுமே லண்டனை ஆட்டிவைத்தவர். மடிப்பு ஒரே முயற்சியில் விழவேண்டும். விழாவிட்டால் அந்தத் துணி கசங்கியது கசங்கியதுதான், அடுத்ததை எடு. ஒரு காலை நேரத்தில் அவர் வேலைக்காரன் கை நிறையக் கசங்கிய துணிகளோடு இறங்கி வந்து, இவையெல்லாம் எங்கள் தோல்விகள் என்றானாம். நானும் ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும்போது பட்டு வேட்டியின் மடிப்பில் அந்தத் தரத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். நாலு வேட்டி கட்டிலில் கிடந்தது. "இதையெல்லாம் மடிக்கிறது யாராம்?" என்று கேட்டாள் மனைவி. பிரம்மல் கடைசியில் 1816இல் கடன்காரர்களுக்குப் பயந்து பிரான்சுக்கு ஓடிப்போனார் என்றும் அவளே சொன்னாள். முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

நான் இதைப் படிப்பது வெளியே தெரியக் கூடாது என்பது அடுத்த கவலை. பூங்காவில் என்னோடு நடப்பவர்கள் எல்லாரும் பொருளாதாரம் படிப்பவர்கள். நல்லவேளை, ஹேயர் 1937இல் 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி' என்று ஒன்று எழுதியிருக்கிறார். அதில் வாட்டர்லூ போரை விவரித்த விதத்துக்காக சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் அந்த நாவலைச் சிபாரிசு செய்தார்களாம். ஆகவே யார் கேட்டாலும் "ராணுவ வரலாறு" என்று சொல்லிவருகிறேன். போர் கடைசிப் பகுதியில்தான் வருகிறது, அதுவரை பிரஸ்ஸல்ஸில் விருந்தும் வம்புமாகப் போகிறது என்பதை யாரும் கேட்கவில்லை.

எல்லாமே தேன் என்று சொல்லமாட்டேன். 'சோஃபி'யில் ஒரு யூத வட்டிக்கடைக்காரர் வருகிறார். அவரை எழுதிய விதத்தில் இருக்கும் இன வெறுப்பு வாயில் கல்லாகத் தட்டுகிறது. யூத இனப்படுகொலைக்குப் பின், 1950இல், இப்படி எழுத எப்படி மனம் வந்ததோ. அந்தப் பணக்காரர்களின் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் கதைகள் அதிகம் கேட்பதில்லை. 1966இல் வந்த 'பிளாக் ஷீப்' நாயகன் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, இந்தியாவில் சம்பாதித்துத் திரும்புகிறான். நாயகிக்கு அவன் பேச்சு பிடிக்கிறது. எனக்கும் பிடித்தது. ஆனால் அவன் பெட்டியைத் திறந்து நம் ஊர்ச் சாமான் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கக் கை அரித்தது.

மகள் இதையெல்லாம் பழைய சரக்கு என்பவள். அவள் தலைமுறைக்கு 'பிரிட்ஜெர்ட்டன்'. ஜூலியா குவின் 2000இல் தொடங்கிய நாவல் வரிசை, இப்போது நெட்ஃபிளிக்ஸ் தொடர். 2022இல் வந்த இரண்டாம் பகுதியின் நாயகி கேட் ஷர்மா. நடித்தவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சிமோன் ஆஷ்லி. பெயர் ஷர்மா, தங்கை கூப்பிடுவது "தீதி", தகப்பனாரைச் சொல்வது "அப்பா". ரயில்வே காலனி மாதிரி ஒரு குடும்பம். இருந்தாலும் லண்டன் மாளிகை ஒன்றில் பட்டு கவுன் போட்ட பெண் "அப்பா" என்றதும், சோபாவில் பாதித் தூக்கத்தில் இருந்த நான் "என்னம்மா?" என்று எழுந்துவிட்டேன்.

ஹேயரின் வீட்டுக் கதைதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. கணவர் ரொனால்ட் ரூஜியே சுரங்கப் பொறியாளர். அது சரிவரவில்லை, விளையாட்டு உபகரணக் கடை வைத்தார், பிறகு சட்டம் படிக்கப் போனார். அத்தனை வருஷமும் அடுப்பு எரிந்தது அந்த அம்மாளின் பேனாவால். அவருடைய துப்பறியும் நாவல்களுக்குக் கணவர் கதைமுடிச்சு யோசித்துக் கொடுப்பாராம். இதை மனைவியிடம் ஒரு கௌரவமான முன்மாதிரியாக எடுத்துச் சொன்னேன். "நீங்களும் யோசிச்சுக் குடுங்களேன், ராத்திரிக்கு என்ன டிபன்னு" என்றாள். யோசித்தேன். உப்புமாவைத் தாண்டி முடிச்சு நகரவில்லை.

அதற்குள் நாவலில் நான் யார் என்பதும் எனக்குப் பிரச்சினையாகிவிட்டது. சார்லஸ் என்றுதான் ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது, என் வயதுக்கும் வீட்டில் எனக்கிருக்கும் அதிகாரத்துக்கும் சார்லஸின் அப்பாதான் பொருந்துவார் என்று பட்டது. மனைவியிடம் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. "இல்லீங்க. அந்த ஸ்பெயின் நாட்டுச் சீமாட்டி இருக்காளே, விருந்தாளி வந்திருக்கும்போதே தூங்கிடுவாளே, நீங்க அவதான்." போன தீபாவளிக்கு என் மச்சினர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் குறட்டை விட்டதை அவள் இன்னும் மறக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. நூலகத்துக்குப் புத்தகம் திருப்பவேண்டும். என் முதுகு வலிக்கு டாக்டர் வண்டி ஓட்டாதே என்று சொன்ன நாள் முதல் ஸ்கூட்டர் மனைவி கையில். சோஃபி ஒரு நாள் சார்லஸிடம் கேட்காமலே அவன் குதிரைகளைப் பூட்டி ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். இவளும் என்னிடம் கேட்டு எடுப்பதில்லை. பின்னால் நான். மடியில் ஏழு நாவல், அதன்மேல் கோயம்பேடு விலையில் வாங்கிய இரண்டு கிலோ சின்ன வெங்காயம்.

அண்ணா சாலையில் சிக்னல் விழுந்தபோதுதான் பளிச்சென்று உறைத்தது. அந்த நாவல்களில் சீமான்கள் வண்டி ஓட்டும்போது, பின்புறப் படியில் கோடு போட்ட சட்டையுடன் ஒரு வேலைக்காரச் சிறுவன் தொற்றிக்கொண்டு நிற்பான். வண்டி நின்றால் குதித்து ஓடிக் குதிரையைப் பிடிப்பது, மூட்டையைத் தூக்குவது அவன் உத்தியோகம். அவனுக்கு அங்கே வழங்கும் பெயர் டைகர். தற்செயலாக அன்று நான் போட்டிருந்ததும் கோடு போட்ட சட்டைதான்.

பக்கத்து பைக்கில் இருந்த ஒருவன் என் வெங்காயத்தையும் நாவல்களையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தான். நான் அவனை நோக்கி மெதுவாக இடது புருவத்தை உயர்த்தினேன். வழக்கம்போல் இரண்டும் சேர்ந்தே ஏறின.

"பச்சை விழுந்தாச்சு, கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்றாள் முன்னால் இருந்தவள். டைகர் பிடித்துக்கொண்டது.